கரண்ட் போன நேரத்தின் கணக்கு

கரண்ட் போகும்போது முதலில் நிற்பது நீராவியின் சத்தம்தான். பொய்லரிலிருந்து வருகிற அந்த நீண்ட இரைச்சல் மெல்லத் தேய்ந்து, யாரோ மூச்சை விட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போன மாதிரி அடங்கும். அதற்குப் பிறகு விசிறிகள் ஒவ்வொன்றாய்ச் சுற்றுவதை மறக்கும். கடைசியாக, பகல் முழுக்க எங்கள் காதில் விழாமலே இருந்த கடல் கேட்கத் தொடங்கும். வெள்ளவத்தையில் காலி வீதி என்கிற பெருந்தெருவுக்கும் ரயில் பாதைக்கும் இடையில், ஒழுங்கை என்று நாங்கள் சொல்கிற ஒரு சந்தில் இருந்தது நான் வேலை செய்த சலவைக்கூடம், அந்த லோண்ட்ரி. கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது கரண்ட் போனால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

நான் அங்கே கணக்குப் பிள்ளையாக இருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. காலையில் பஸ் ஏறி, கோட்டை பஸ் நிலையத்தில் மாறி, காலி வீதி முழுவதையும் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவேன். கொள்ளுப்பிட்டிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மேசைத் துணிகளும் லொறியில் எங்களிடம் வரும். தோய்ந்து, அயன் பிடிக்கப்பட்டு, மடிந்து, திரும்பிப் போகும். அயன் பிடிக்கும் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்குச் சம்பளம். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. அதைத்தான் எல்லோரும் ஓ.ரி. என்பார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், அதில் சாதாரண நேரம் எவ்வளவு, ஓ.ரி. எவ்வளவு என்று பிரிப்பதுதான் என்னுடைய முக்கியமான வேலை. சுலபமான வேலைதான். மணிக்கூட்டைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று நானே நினைத்திருந்தேன், கரண்ட் வெட்டுக் காலம் வரும்வரைக்கும்.

அந்தப் பெண்களில் மூத்தவரை எல்லோரும் ஜிந்துப்பிட்டி அக்கா என்போம். ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலுக்குப் பின்னால், வீடுகள் நெருக்கியடித்த ஒரு தோட்டக் குடியிருப்பில் அவருடைய வீடு. உயரமான, மெலிந்த பெண். கணவர் இறந்து வெகுகாலம். ஒரே மகனை வளர்த்து, வாகனம் திருத்துகிற இடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். அவர் பேசினால் மண்டபத்தின் மறுமூலைக்குக் கேட்காது. ஆனால் மறுமூலையில் இருப்பவர்கள் கேட்பதற்காகக் கிட்ட வருவார்கள். நான் அவரைவிட வயதில் மிகவும் குறைந்தவள் என்றாலும் கணக்கு அறையில் இருப்பவள் என்பதால் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன்.

நாட்டில் டீசல் இல்லாமல் போன அந்த வருடத்தில் கரண்ட் வெட்டுக்கு ஒரு கால அட்டவணை வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. காலையில் எழுந்ததும் நல்ல நேரம் பார்ப்பது மாதிரி எங்கள் எழுத்துக்கு என்ன நேரம் என்று போனில் பார்த்துவிட்டு வருவோம். அநேகமாகப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எங்களுக்கு விழும். இரண்டு மணித்தியாலம், சில நாட்களில் அதற்கு மேலும் போகும். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. பொய்லர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆக, எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மண்டபத்தின் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. அவற்றின் வழியாக வெயில் சரிந்து இறங்கி, கொடிகளில் தொங்கிய வெள்ளை விரிப்புகளில் விழும். கடற்காற்று வந்தால் விரிப்புகள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிமிரும். சவர்க்கார வாசமும் உப்பு வாசமும் கலந்து வரும். பெண்கள் இன்னும் அயன் பிடிக்காத துணிக் குவியல்களின் மேல் சாய்ந்துகொள்வார்கள். சிலர் உண்மையாகவே தூங்கிவிடுவார்கள். கணக்கு அறையில் கம்ப்யூட்டர் செத்துப்போய்க் கிடப்பதால் நானும் அங்கேதான் போய் உட்காருவேன். வெளிச்சம் வெள்ளையாக இருந்தது, துணி வெள்ளையாக இருந்தது, பேச்சுக் குரல்கள்கூட அந்த வெள்ளையில் நனைந்து மெதுவாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு பெரிய முகிலுக்குள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படும்.

அப்போது ஜிந்துப்பிட்டி அக்கா ஒரு விளையாட்டுக் காட்டுவார். ஹோட்டலிலிருந்து வந்து தோய்க்காமல் கிடக்கும் ஒரு விரிப்பை எடுத்து, இரண்டு கைகளாலும் விரித்து, அதன் கசங்கலைப் பார்ப்பார். "இதுல படுத்தவ ஊருக்குப் புதுசு," என்பார். "ரா முழுக்கப் பொரண்டிருக்கா. இந்த மூலைய பாருங்க, புடிச்சிக்கிட்டே கெடந்திருக்கா. கனவுல கப்பல் போயிருக்கும்." இன்னொன்றை எடுப்பார். "இவன் படுத்ததே இல்ல. ஓரத்துல குந்திக்கிட்டு விடிய விடிய யாருக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்கான்." பெண்கள் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தரும் தாங்கள் கண்ட கனவைச் சொல்லத் தொடங்குவார்கள். சிலாபத்திலிருந்து வந்து தெஹிவளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருத்தி இருந்தாள். அவளை நாங்கள் சிலாபத்துக்காரி என்போம். அவள் ஒரே கனவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். ஒரு வீட்டில் அறைகளைக் கூட்டிக்கொண்டே போகிறாளாம், அறைகள் முடிவதே இல்லையாம். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் ஓர் அறையைப் புதிதாகச் சேர்த்துச் சொல்வாள். இன்றைக்கு மாமரம் உள்ள அறை, நாளைக்குப் படிக்கட்டு உள்ள அறை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம்.

கரண்ட் வந்ததும் நீராவி இரைந்து எழும்பும். எல்லோரும் எழுந்து, பின்னேரம் விட்டுப்போன வேலையை முடிப்பதற்காக இருட்டும் வரைக்கும் நிற்பார்கள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. காலை எட்டு மணிக்கு வந்த பெண் மாலை ஏழு மணிக்குப் போகிறாள். சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் பத்து மணித்தியாலம். எட்டு சாதாரண நேரம், இரண்டு ஓ.ரி. ஆனால் நடுவில் இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லையே. அதையும் கழித்தால் எட்டுத்தான் மிஞ்சும். அப்போது ஓ.ரி.யே இல்லை. அதே பெண், வெளிக்கிட்ட அதே நேரம், வீடு போய்ச் சேர்ந்த அதே இருட்டு. ஆனால் ஒரு கணக்கில் அவளுக்கு மேலதிக நேரம் உண்டு, மற்றக் கணக்கில் இல்லை.

நான் மாத முடிவில் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவர். வாப்பாவின் துணிக்கடையை விற்றுவிட்டு லோண்ட்ரியைத் தொடங்கினவர் என்று சொல்வார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எதையும் சொல்லத் தொடங்குவார். யாரையும் கெட்ட வார்த்தையால் திட்டி நான் கேட்டதில்லை. நோன்புக் காலத்தில் வேலைசெய்யும் எல்லோர் வீட்டுக்கும் கஞ்சி அனுப்புவார். அந்த மாதம் இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"வேல செய்யாத நேரத்துக்கு எப்புடி மகள் சல்லி குடுக்கிற?" என்றார். "ஹோட்டல்காரன் மூணு மாசமா ஒரு சதம் தரல்ல. வெள்ளக்காரன் வாரதும் இல்ல. கரண்ட் இல்லாத நேரத்தக் கழிச்சிப் போடுங்க."

"அவங்கள் அந்த நேரம் இங்கதானே இருக்கினம், ஹாஜியார்," என்றேன்.

"இருக்கிறாங்க. நான் இருக்க வேணாம் எண்டு செல்லல்லயே. அது அவங்கட நேரம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயமும் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு விரிப்புக்கூட மடிபடவில்லை என்பது உண்மைதான். வேலைத்தலத்தில் நின்றதற்குச் சம்பளமா, செய்த வேலைக்குச் சம்பளமா? நான் அறைக்குத் திரும்பி வந்து கழித்த கணக்கையே எழுதினேன். சம்பளத் துண்டுகளைக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் என்ன கழிக்கப்பட்டது, ஏன் என்பதை மறைக்காமல் சொன்னேன். சிலாபத்துக்காரி துண்டைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். அறை வாடகைக்கு அந்த ஓ.ரி.யைத்தான் நம்பியிருந்தாளாம். மற்றவர்கள் துண்டைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஜிந்துப்பிட்டி அக்கா மட்டும் துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அப்ப மிஸ், கரண்ட் போன நேரம் அவரோடது இல்லன்னு சொல்றாரா?"

"ஓம் அக்கா. உங்கட நேரமாம்."

"நம்மளோடதா," என்றார்.  முகத்தில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரன் மீதிச் சில்லறைக்குப் பதிலாக ஏதோ ஒன்றைக் கையில் வைத்துவிட்டால் அதை உருட்டிப் பார்ப்பார்களே, அப்படி அந்தச் சொல்லை உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல நீராவி அடங்கியது. விசிறிகள் நின்றன. பெண்கள் துணிக் குவியல்களில் சாயப் போனார்கள். ஜிந்துப்பிட்டி அக்கா ஏப்ரனைக் கழற்றவில்லை. கொண்டையை மட்டும் அவிழ்த்து முடிந்துகொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க அக்கா?" என்றாள் சிலாபத்துக்காரி.

"கடலுக்கு. நம்ம நேரம்தானே. நம்ம நேரத்த இங்க ஏன் வச்சிருக்கணும்?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். எழும்பினாள். எல்லோரும் எழும்பினார்கள். வாசலைத் தாண்டும்போது அக்கா கணக்கு அறைப் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டார். எனக்கு மாதச் சம்பளம். யாருடைய நேரம் என்ற கேள்வியே என் விஷயத்தில் வரவில்லை. ஆனாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்தோம். அந்தப் பக்கம் கருங்கற்கள் கொட்டிய கரை. அதற்கப்பால் கடல். அத்தனை வருடம் அங்கே வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் அந்தக் கற்களில் அன்றைக்குத்தான் முதல்முறை காலை வைத்தார்கள். வேலைக்கு வருவதும் பஸ்ஸுக்கு ஓடுவதும்தான் அவர்களுக்கு வெள்ளவத்தை. எல்லோரும் ஏப்ரனோடு வரிசையாக உட்கார்ந்தோம். பின்னேர வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து மிதந்தது. அலை வந்து கற்களுக்குள் புகுந்து, உள்ளே ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பும். ஒரு ரயில் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு போன பையன்கள் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் இத்தனை பேரைக் கண்டு கையசைத்தார்கள். சிலாபத்துக்காரியும் கையசைத்தாள்.  யாருக்கும் கனவு சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்குக் கண் திறந்திருந்தது. ஆனால் தூங்கி எழுந்த மாதிரி உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது. தொலைவில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குப் போக உத்தரவு வராமல் நின்றுகொண்டிருந்தது. அதுவும் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அட்டவணையில் சொன்ன நேரத்துக்கு முன்னமே கரண்ட் வந்துவிட்டது. பாதையோர வீடொன்றில் ரேடியோ திடீரென்று பாடத் தொடங்கியதால் எங்களுக்குத் தெரிந்தது. சிலாபத்துக்காரி பாதி எழும்பிவிட்டாள்.

"அக்கா, கரண்ட் வந்திட்டு. போகாட்டி வேலை போயிரும்."

"போறதுன்னா போ, தங்கச்சி. ஒன்னய நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்," என்றார் அக்கா. "நான் இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்."

அவள் நின்றாள். லோண்ட்ரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவளுடைய கை ஏப்ரனின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காத காலம் அது. எத்தனையோ கடைகள் பூட்டிக் கிடந்தன.  கொஞ்ச நேரத்தில் அவள் பழையபடி கல்லில் உட்கார்ந்தாள். அக்கா அவளுடைய முழங்காலில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

ஹாஜியார் வந்தார். ஒழுங்கை முனையில் முதலில் அவருடைய தொப்பி தெரிந்தது. தண்டவாளத்தை மிகக் கவனமாகக் கடந்து, கற்களில் இறங்கத் தெரியாமல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. எங்களுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"கரண்ட் வந்திட்டு."

"தெரியும் ஹாஜியார்," என்றார் அக்கா.

"தெரிஞ்சும் வரல்ல."

"வந்துருவோம். கரண்ட் போன நேரம் எங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அட்டவணப்படி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அத முடிச்சிட்டு வாரோம்."

அவர் பதில் சொல்லப் போனார், வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை வந்து அவர் நின்ற கல்லில் மோதி, கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிலாபத்துக்காரி பயந்துபோய் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஹாஜியார் அந்த இடத்தைப் பார்த்தார். சப்பாத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பதே தொழிலாக இருந்த நான் அன்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வெயில் மஞ்சளாகி, அந்த மஞ்சள் பெண்களின் ஏப்ரன்களிலும் ஹாஜியாரின் வெள்ளைச் சட்டையிலும் ஒரே மாதிரி ஏறியது. அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கு என்றில்லாமல், ஹோட்டல்காரர்கள் தராத கடனைப் பற்றிச் சொன்னார். வங்கிக்காரன் வீட்டுக்கு வந்ததைச் சொன்னார்.

"எங்களுக்கும் தெரியும் ஹாஜியார்," என்றார் அக்கா. "முந்தி வந்த துணி எவ்வளவு, இப்ப வாரது எவ்வளவுன்னு எங்க கைக்குத் தெரியாதா. நாங்க கூடுதலா ஒண்ணும் கேக்கல்ல. கரண்ட் போனா எங்கள வெளிய விடுங்க, எங்க பாட்டுக்கு இருக்கோம். இல்லாட்டி, உள்ள இருக்கணும்னா அந்த நேரத்தையும் எழுதுங்க. வீட்டுக்குப் போய் வர பஸ் இல்ல. கரண்ட் வந்த ஒடனே நாங்க அங்க நிக்கணும் ஒங்களுக்கு. நிக்கிறதுக்காகத்தானே இருக்கோம்."

 ஹாஜியார் எழும்பி, நனைந்த கால்சட்டையை உதறிவிட்டு, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எழுதுங்க மகள். கரண்ட் இல்லாத நேரத்தையும் வேல மாதிரியே எழுதுங்க. போன மாசத்தையும் திருத்துங்க. ஒரேயடியாத் தர ஏலா. ரெண்டு தவணையாத் தாரேன்."

எல்லோரும் அவருக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கடந்து திரும்பினோம். சப்பாத்தை அவர் கையிலேயே கொண்டு வந்தார்.

அந்த மாதத்துக் கணக்கை எழுதும்போது கடற்கரையில் இருந்த பின்னேரத்தை என்ன செய்வது என்று ஹாஜியாரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதையும் சேருங்க, பேசின பேச்சு ஒண்டுதான்," என்றார். சேர்த்தேன். துண்டுகளைக் கொடுத்தபோது சிலாபத்துக்காரி அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஜிந்துப்பிட்டி அக்கா தன்னுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டுக் கணக்கு அறைக்கு வந்தார்.

"கடலுக்குப் போன நேரத்தையும் போட்டிருக்கீங்க மிஸ்."

"ஹாஜியார்தான் போடச் சொன்னவர், அக்கா."

"மத்தவங்களுக்கு இருக்கட்டும். எனக்கு அத வெட்டுங்க."

"ஏன் அக்கா? உங்களால்தானே எல்லாருக்கும் கிடைச்சது."

"அது என்னோட நேரமா இருந்துச்சு மிஸ்," என்றார், அந்த மெல்லிய குரலில். "அத யாருக்கும் குடுக்க ஏலாது. சல்லி வாங்கிட்டா குடுத்த மாதிரி ஆயிரும்."

நான் வெட்டினேன். வேறு பெண்கள் யாரும் தங்களுடையதை வெட்டச் சொல்லவில்லை. அவர்கள் கேட்காததும் சரிதான். அவர்களுக்கு அரிசி வாங்க வேண்டியிருந்தது. அக்காவுக்கும் வாங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹாஜியார் வாக்குத் தவறவில்லை. இரண்டு தவணையாகக் கொடுத்து முடித்தார். ஆனால் சம்பளம் கொடுக்கிற நேரத்தைச் சும்மா விட எந்த முதலாளிக்கு மனம் வரும்? அடுத்த கிழமையே கரண்ட் போன நேரத்துக்கென்று வேலை கண்டுபிடித்துவிட்டார். தலையணை உறைகளுக்கு விட்டுப்போன பொத்தான் தைப்பது, கிழிந்ததைப் பிரிப்பது, வெயில் விழும் ஜன்னலோரம் மேசைத் துணிகளைக் கையால் மடிப்பது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் ஊசி கோத்துக்கொண்டிருந்தார்கள். விரிப்புகள் அதே மாதிரித்தான் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. ஆனால் கசங்கலைப் பார்த்துக் கதை சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. சிலாபத்துக்காரியின் கனவு வீட்டில் அதன்பிறகு புதிய அறைகள் எதுவும் சேரவில்லை. ஒரு நாள் நான் அக்காவின் பக்கத்தில் நின்று, "இப்படி ஆகிப்போச்சே," என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சிரித்தார்.

"சல்லி தந்தா வேல தரத்தானே வேணும் மிஸ். நான் அவரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

மெல்ல மெல்ல எண்ணெய்க் கப்பல்கள் வந்தன. கரண்ட் வெட்டு நின்றது. ஹோட்டல்களில் மறுபடி ஆட்கள் தங்கினார்கள். லொறி நிறையத் துணி வந்தது. அக்காவுக்கு நின்று நின்று முழங்கால் வீங்கத் தொடங்கியதால் மகன் இனிப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். நானும் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய அலுவலகத்துக்கு மாறினேன். இங்கே வாசலில் விரலைப் பதித்தால் மெஷினே வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எடுத்துக்கொண்டு ஓ.ரி.யைக் கணக்குப் போட்டுவிடுகிறது. இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு யாரிடமும் கொண்டுபோய் நிற்க வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையில் ஜன்னல்கள் திறக்காது. கண்ணாடிக்கு அப்பால் கடல் சத்தமில்லாமல் அசைவது தெரியும். சில பின்னேரங்களில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் இருந்து யாரோ ஒரு வீட்டின் அறைகளைச் சொல்லிக்கொண்டே போவது கேட்கிற மாதிரி இருக்கும்.

போன மாதம் ஹாஜியார் மௌத்தாகிவிட்டார் என்று தகவல் வந்தது. அடக்கம் அன்றைக்கே முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து நானும் ஜிந்துப்பிட்டி அக்காவுமாக வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுக்குப் போனோம். அக்கா ஒரு கையில் குடையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். உள்ளறையில் வெள்ளைச் சேலை உடுத்து ஹாஜியாரின் மனைவி பாயில் இருந்தார். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். நாங்கள் யார் என்று சொன்னோம். லோண்ட்ரி என்றதும் அவர் அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"கடக்கரைக்குப் போன புள்ளைகளா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓம் என்றேன்.

"அண்டைக்கு வூட்டுக்கு வந்தவரு கால்சட்ட எல்லாம் உப்புத் தண்ணி," என்றார் அந்த அம்மா. "எங்க போன எண்டு கேட்டேன். கடக்கரைக்கு எண்டாரு. இந்த மனிசன் கட தொறந்த நாள்ல இருந்து அந்தப் பக்கம் போனதே இல்ல. ஏசத்தான் போனாராம். போய்க் குந்தினப் பொறகு என்ன ஏச வந்த எண்டு மறந்து போச்சாம். வருத்தம் வந்து பாயில கிடக்கிற நேரத்திலயும் ரெண்டு மூணு தரம் செல்லினாரு, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் எண்டு."

 அந்த அம்மாவின் கை இன்னும் அக்காவின் கைக்குள் இருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். குடித்துவிட்டு விடைபெற்றோம்.

காலி வீதியில் பஸ்ஸுக்காக நின்றோம். வேலை விடுகிற நேரம். ஆட்கள் நெருக்கிக்கொண்டு போனார்கள். எங்களுடைய பஸ் ஒன்று வந்தது; அக்கா ஏறவில்லை. இன்னொன்று வரட்டும் என்றார். குடையின் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு லோண்ட்ரி இருந்த ஒழுங்கைப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"கடல்ல குந்தின அன்னைக்கி அவருக்கும் யாரும் சல்லி குடுக்கல்ல, என்ன மிஸ்," என்றார்.

"இல்லை அக்கா," என்றேன்.